‘ஃபார்மேட் செய்தாயிற்று’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடாதீர்கள்

பழைய கணினிகளைக் கழித்து விற்க ஒப்புதல் தரும் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். பழைய கணினிகளை ஏலத்துக்கோ நேரடி விற்பனைக்கோ அனுப்பும் கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, தரவு பற்றி அதில் பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் இருக்கும்: ‘எல்லாக் கணினிகளும் ஃபார்மேட் செய்யப்பட்டன.’ எந்த வகை டிரைவ் (தரவைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி), எந்த முறையில் அழித்தார்கள், அழிந்ததா என்று யார் திறந்து பார்த்தார்கள் ஆகிய மூன்று கேள்விகளுக்கும் அந்த வரியில் பதில் கிடையாது. பதில் வரும்வரை கையெழுத்தை நிறுத்தி வையுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். பதில் எப்படி இருந்தால் ஏற்கலாம், எப்படி இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். டிரைவ்களை அழித்துச் சரிபார்ப்பது எங்கள் அன்றாட வேலை.

இது வெறும் பயமுறுத்தல் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு பழைய கணக்குகள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் இருவரும் பழைய பொருள் சந்தையில் 158 ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கி ஆராய்ந்து 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். இயங்கும் நிலையில் இருந்தவை 129. அவற்றில் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 தான். மற்றவற்றில் கடிதம், மருத்துவ விவரம், ஆயிரக்கணக்கான கடன் அட்டை எண்கள் எல்லாம் கிடைத்தன. இரண்டாவது, 2022 செப்டம்பரில் நடந்தது. அமெரிக்க நிதி நிறுவனமான மார்கன் ஸ்டான்லியின் ஒரு பிரிவு 3.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. அபராதம் விதித்தது அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம். தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத, சாமான் இடம் மாற்றும் நிறுவனம் ஒன்றிடம் பழைய சர்வர்களையும் டிரைவ்களையும் ஒப்படைத்திருந்தார்கள். அவற்றில் சில, வாடிக்கையாளர் விவரங்களோடு இணைய ஏலத்தில் விலைபோயின. தொழில்நுட்பம் தெரியாமல் வந்த வினை இல்லை இது. யாரிடம் கொடுக்கிறோம், என்ன சான்று வாங்குகிறோம் என்று கோப்பைப் பார்த்தவர்கள் கேட்காமல் விட்டதால் வந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறோம். ஒரு கோப்பை டெலீட் செய்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தால், அந்தக் கோப்பு இருக்கும் இடம் ‘காலி’ என்று, எந்தக் கோப்பு எங்கே என்பதை வைத்திருக்கும் ஃபைல் சிஸ்டத்தின் பட்டியலில் குறிக்கப்படுகிறது. உள்ளடக்கம் இருந்த இடத்திலேயே இருக்கும். குயிக் ஃபார்மேட் அந்தப் பட்டியலையே புதிதாக எழுதுகிறது. 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் அது சில விநாடிகளில் முடிந்துவிடுகிறதே, அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்: அவ்வளவு சீக்கிரத்தில் ஒரு முழு டிஸ்க்கின் மேல் யாராலும் எழுத முடியாது. ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள் பட்டியலைக் கண்டுகொள்வதே இல்லை. டிஸ்க்கின் சிறு சேமிப்புக் கூறான செக்டார் ஒவ்வொன்றாகப் படித்து, படக்கோப்பு எப்படித் தொடங்கும், பிடிஎஃப் எப்படித் தொடங்கும் என்ற அடையாளங்களை வைத்துக் கோப்புகளை அள்ளிவிடும். அதற்கு நிபுணர் தேவையில்லை; ஓய்வான ஒரு மாலைப் பொழுது போதும்.

விண்டோஸில் ‘குயிக் ஃபார்மேட்’ பெட்டியில் டிக்கை எடுத்துவிட்டுச் செய்வது முழு ஃபார்மேட். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அது பகுதி முழுவதும் பூஜ்ஜியம் எழுதுகிறது. எக்ஸ்பி காலத்தில் கெட்ட செக்டார் இருக்கிறதா என்று படித்து மட்டும் பார்த்தது. ஆனால் அதுவும் தேர்ந்தெடுத்த பார்ட்டிஷனை (டிஸ்க்கின் ஒரு பிரிவை) மட்டுமே தொடும். மறைந்திருக்கும் ரெகவரி பார்ட்டிஷனும், இரண்டு பார்ட்டிஷன்களுக்கு நடுவே விடுபட்ட இடமும் அப்படியே இருக்கும். விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவியில் இன்னொரு பொறி உண்டு. ‘கிளீன்’ என்ற கட்டளை டிஸ்க்கின் தொடக்கத்திலும் கடைசியிலும் உள்ள பார்ட்டிஷன் விவரத்தை மட்டும் அழித்துவிட்டு ஒரே விநாடியில் ‘வெற்றி’ என்று சொல்லும். டிஸ்க் காலியாகத் தெரியும். ஒவ்வொரு செக்டாரிலும் பூஜ்ஜியம் எழுதுவது ‘கிளீன் ஆல்’. விடுபடுவது ஒரே ஒரு சொல்தான். அதனால்தான் அறிக்கையில் ‘டிஸ்க்பார்ட் மூலம் சுத்தம் செய்யப்பட்டது’ என்று இருந்தால், எவ்வளவு நேரம் ஆனது என்று கேளுங்கள் என்கிறோம். 1 டிபி ஹார்ட் டிஸ்க்குக்குச் சுமார் இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும்.

சுழலும் தட்டுள்ள ஹார்ட் டிஸ்க்கை முதலில் முடித்துவிடுவோம், அது எளிது. இப்போதைய ஹார்ட் டிஸ்க்குக்கு முழுப் பரப்பிலும் ஒரே ஒரு முறை மேலெழுதினால் போதும். டெண்டர்களில் இன்னும் ‘7 முறை’, ‘35 முறை’ என்று நிபந்தனை போடுகிறார்கள். 35 என்ற எண் பீட்டர் கட்மன் 1996-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது. அன்றிருந்த பலவகைப் பழைய குறியாக்க முறைகள் ஒவ்வொன்றுக்கும் ஏற்ற வடிவங்களைச் சேர்த்த பட்டியல் அது. எந்த ஒரு டிஸ்க்குக்கும் 35-உம் தேவைப்படாது என்று அவரே பிற்பாடு எழுதிச் சேர்த்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சராசரியாக விநாடிக்கு 120 எம்பி வேகத்தில் எழுதும் 1 டிபி டிஸ்க்குக்கு ஒரு சுற்று சுமார் 2 மணி 20 நிமிடம். 35 சுற்று என்றால் மூன்று நாளைத் தாண்டும். நூறு கணினிக்கு இப்படி ஒரு நிபந்தனை போட்டால் என்ன நடக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். வேலையை எடுத்தவர் ஒரு குயிக் ஃபார்மேட் போட்டுவிட்டு ‘35 முறை’ என்று எழுதித் தருவார். நடக்கக்கூடிய நிபந்தனையைப் போட்டு, அது நடந்ததா என்று பார்ப்பதுதான் காவல்.

ஹார்ட் டிஸ்க்கில் ஒரு சுற்று எழுதியும் தப்பிக்கும் இடங்கள் இரண்டு. படிக்கத் தடுமாறிய செக்டாரை டிஸ்க் தானாகவே ஒதுக்கிவிட்டு வேறொன்றை அந்த இடத்துக்குக் கொண்டுவரும். ஒதுக்கப்பட்ட செக்டாரில் பழைய தரவு இருக்கும். கணினியால் அதை இனித் தொட முடியாது. டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தரும் ஸ்மார்ட் அறிக்கையில் 5-ஆம் எண் வரி இப்படி ஒதுக்கியவற்றின் எண்ணிக்கை, 197-ஆம் எண் வரி ஒதுக்கப்படக் காத்திருப்பவை. இரண்டும் பூஜ்ஜியமாக இருந்தால் கவலை இல்லை. இன்னொன்று, தயாரிப்பாளரோ நிர்வாக மென்பொருளோ டிஸ்க்கின் கடைசியில் மறைத்து வைக்கும் பகுதி. லினக்ஸின் ஹெச்டிபார்ம் கருவியில் பெரிய ‘என்’ விருப்பத்தோடு கேட்டால், கணினிக்குத் தெரியும் செக்டார் எண்ணிக்கையையும் உண்மையான எண்ணிக்கையையும் அருகருகே காட்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் முதலில் அந்த மறைப்பை நீக்கிவிட்டுத்தான் அழிக்கத் தொடங்க வேண்டும்.

மேலெழுதும் வேலைக்கு டிபேன் என்ற பழைய கருவியின் பெயர்தான் பலருக்கும் தெரியும். அதன் கடைசிப் பதிப்பு 2015-இல் வந்தது. புதிய கணினிகள் பலவற்றில் பூட் ஆகவே அடம்பிடிக்கும். ஷ்ரெட்ஓஎஸ் என்ற பென் டிரைவ் தொகுப்பில் வரும் என்வைப், அதே வழியில் வந்து இன்றும் பராமரிக்கப்படும் கருவி. ஒரு சுற்று பூஜ்ஜியம், கடைசியில் சரிபார்ப்பு என்று வைத்தால் போதும். எழுதும்போது ஒரு செக்டாரில் பிழை காட்டினாலும் அந்த டிரைவ் விற்பனைக்கு உரியதில்லை. அதைத் தனிப்பெட்டியில் போடச் சொல்லுங்கள்.

இப்போது, சுழலும் தட்டு இல்லாமல் ஃபிளாஷ் சிப்புகளில் தரவை வைக்கும் எஸ்எஸ்டி. நாங்கள் பார்க்கும் அறிக்கைகளில் பாதிக்கு மேல் சறுக்குவது இங்கேதான். ஹார்ட் டிஸ்க்குக்கு எழுதிய விதிமுறையை அப்படியே எஸ்எஸ்டிக்கும் போட்டு, ‘மூன்று முறை மேலெழுதப்பட்டது’ என்று திருப்தி அடைகிறார்கள். ஃபிளாஷ் சிப்பில் எழுதிய இடத்தின் மேலேயே மறுபடி எழுத முடியாது. ஒரு தொகுதியை முழுதாக அழித்த பிறகே அங்கே எழுத முடியும். ஆகவே ‘100-ஆவது செக்டாரில் பூஜ்ஜியம் எழுது’ என்று கணினி சொன்னால், டிரைவுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் வேறொரு காலி இடத்தில் பூஜ்ஜியத்தை எழுதிவிட்டு, ‘100-ஆவது செக்டார் இனி இங்கே’ என்று தன் வரைபடத்தைத் திருத்திக்கொள்ளும். பழைய தரவு பழைய இடத்திலேயே, கன்ட்ரோலருக்கு நேரம் கிடைக்கும்வரை இருக்கும். இதற்கென்றே கன்ட்ரோலர் கூடுதல் இடமும் வைத்திருக்கிறது. உள்ளே 512 கிபிபைட் (சுமார் 550 ஜிபி) சிப்புகள் இருக்கும் எஸ்எஸ்டியை 480 ஜிபி என்று விற்றால், சுமார் 70 ஜிபி கணினியின் கண்ணுக்குப் படாது. மூன்று முறை என்ன, முப்பது முறை எழுதினாலும் அந்த இடத்தில் எது மிச்சம் இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. டிரைவின் ஆயுள் குறைந்ததுதான் மிச்சம்.

‘டிரிம் இருக்கிறதே, டெலீட் செய்தாலே போய்விடுமே’ என்று சிலர் வாதிடுவார்கள். டிரிம் என்பது ‘இந்த இடம் இனி எனக்கு வேண்டாம்’ என்று கணினி டிரைவுக்குச் சொல்லும் தகவல். அதற்குப் பிறகு படித்தால் பல டிரைவ்கள் பூஜ்ஜியத்தைத் திருப்பித் தரும். ஆனால் சிப்பில் உள்ளதை எப்போது அழிப்பது என்பது டிரைவின் விருப்பம். டிரைவை வெளியிலிருந்து இணைக்கும் யூஎஸ்பி உறைகள் பலவற்றையும், பல டிரைவ்களை ஒன்றாக இணைக்கும் ரெய்டு அட்டைகள் சிலவற்றையும் டிரிம் தாண்டுவதே இல்லை. நல்ல உதவிதான், சான்றாக ஏற்க முடியாது.

எஸ்எஸ்டிக்குச் சரியான வழி, அழிக்கும் வேலையை டிரைவிடமே ஒப்படைப்பது. எல்லாச் சிப்புகளும் எங்கே எப்படி இருக்கின்றன என்று அதற்கு மட்டும்தான் தெரியும். சாட்டா என்ற இணைப்பில் வரும் டிரைவில் இதற்கான கட்டளை செக்யூர் ஈரேஸ். எம்.2 இணைப்பில் வரும் என்விஎம்இ டிரைவில் சானிடைஸ், அது இல்லாத மாடலில் டிரைவின் சொந்த ஃபார்மேட் கட்டளையின் (விண்டோஸ் ஃபார்மேட் இல்லை) பாதுகாப்பு அழிப்பு விருப்பம். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் தனது 800-88 வழிகாட்டியில் அழிப்பை மூன்று நிலையாகப் பிரித்திருக்கிறது. சாதாரணக் கட்டளைகளால் மேலெழுதுவது ‘கிளியர்’. ஆய்வகத்தாலும் மீட்க முடியாதபடி செய்வது ‘பர்ஜ்’. பொருளையே பயன்படாமல் சிதைப்பது ‘டெஸ்ட்ராய்’. வாடிக்கையாளர், மாணவர், நோயாளி விவரம் இருந்த எஸ்எஸ்டியை வெளியே அனுப்புகிறீர்கள் என்றால் பர்ஜ் நிலையைக் கேளுங்கள். ‘எத்தனை முறை’ என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் இடத்தில் ‘எந்தக் கட்டளை’ என்று மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

சாட்டா எஸ்எஸ்டிக்கு வேலை நடக்கும் விதத்தைச் சொல்கிறோம். உங்கள் ஆட்கள் எங்கே தடுமாறுவார்கள் என்று நீங்கள் தெரிந்துகொள்ள உதவும். வேறு டிரைவ்களை எல்லாம் கழற்றிவிட்டு, அழிக்க வேண்டியதை மதர்போர்டின் சாட்டா போர்ட்டில் நேரடியாக மாட்ட வேண்டும். யூஎஸ்பி உறை வழியாக இந்தக் கட்டளையை அனுப்பக் கூடாது. நடுவில் இருக்கும் சிப் கட்டளையைப் பாதியில் வெட்டினால் டிரைவ் பூட்டிய நிலையிலேயே நின்றுவிடலாம். லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து, திரையில் தெரியும் சீரியல் எண்ணும் லேபிளில் அச்சிட்ட எண்ணும் ஒன்றுதானா என்று இருவர் பார்க்க வேண்டும். லினக்ஸ் டிரைவ்களுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ஒவ்வொரு பூட்டுக்கும் இடம் மாறக்கூடியவை. அவற்றை நம்பித் தவறான டிரைவைத் துடைத்தால் திருப்பி எடுக்க வழி கிடையாது.

அடுத்து ஹெச்டிபார்மில் பெரிய ‘ஐ’ விருப்பத்தோடு டிரைவின் விவரத்தைக் கேட்டால், கடைசியில் ‘செக்யூரிட்டி’ என்ற பகுதி வரும். அங்கே ‘நாட் ஃப்ரோஸன்’ என்று இருக்க வேண்டும். பெரும்பாலான கணினிகளில் அப்படி இருக்காது. வைரஸ் எதுவும் டிரைவுக்குக் கடவுச்சொல் போட்டுவிடக் கூடாது என்று பூட் ஆகும்போதே கணினியின் தொடக்க மென்பொருளான பயாஸ் அந்தக் கதவை உறைய வைத்துவிடும். கணினியை ஸ்லீப் நிலைக்கு அனுப்பி எழுப்பினால் பெரும்பாலும் விலகிவிடும். விலகாவிட்டால் வேறு கணினியில் மாட்டிப் பார்க்க வேண்டும். இந்த இடத்தில் பொறுமை இழந்துதான் பலர் குயிக் ஃபார்மேட்டுக்குத் தாவுகிறார்கள்.

உறைநிலை விலகியதும் ஒரு தற்காலிகக் கடவுச்சொல் வைக்க வேண்டும். ஏதாவது எளிய சொல் போதும், ஆனால் தாளில் எழுதி வைக்க வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் டிரைவ் பூட்டிக்கொள்ளும். திறக்க அந்தச் சொல் மட்டுமே உதவும். பிறகு அழிப்புக் கட்டளை. டிரைவ் ‘என்ஹான்ஸ்டு’ வகையை ஆதரித்தால் அதையே கொடுப்பது நல்லது. ஹார்ட் டிஸ்க்கில் ஒதுக்கப்பட்ட செக்டார்களும் அதில் அடங்கும். முடிந்ததும் கடவுச்சொல் தானாக நீங்கி ‘நாட் எனேபிள்டு’ என்று காட்ட வேண்டும். இன்னும் ‘எனேபிள்டு’ என்றே இருந்தால் வேலை முடியவில்லை என்று பொருள். நேரத்தையும் கவனியுங்கள். எஸ்எஸ்டி ஒரு நிமிடத்துக்குள் முடிப்பது இயல்பு. ஒரு சாதாரண 2 டிபி ஹார்ட் டிஸ்க் செக்யூர் ஈரேஸை ஒரு நிமிடத்தில் முடித்ததாக அறிக்கை வந்தால், ஒன்று அது தானே மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யும் வகையாக இருக்க வேண்டும், இல்லையேல் அறிக்கை பொய்.

என்விஎம்இ டிரைவில் இவ்வளவு இழுபறி இல்லை. கன்ட்ரோலர் விவரத்தில் ‘சானிகேப்’ என்ற வரி பூஜ்ஜியமாக இல்லாவிட்டால் சானிடைஸ் உண்டு. அதில் தொகுதி அழிப்பு, மறைச்சாவி (மறையாக்கச் சாவி) அழிப்பு, மேலெழுதல் என்று மூன்று வகை. எஸ்எஸ்டிக்குத் தொகுதி அழிப்பு எங்கள் தேர்வு. தொடங்கிய பிறகு நடுவில் மின்சாரத்தைப் பிடுங்கினாலும், திரும்ப இயக்கும்போது டிரைவ் விட்ட இடத்திலிருந்து அழிப்பைத் தொடரும்; யாரும் நிறுத்த முடியாது. ஃபார்மேட் கட்டளைக்கு இந்தக் குணம் கிடையாது. கட்டளை கொடுத்த உடனே திரை ‘வெற்றி’ என்று சொல்வது ‘தொடங்கிவிட்டது’ என்பதற்கு மட்டும்தான். சானிடைஸ் பதிவேட்டில் ‘முடிந்தது’ என்ற நிலை வரும்வரை காத்திருக்க வேண்டும். லினக்ஸ் பழகாத அலுவலகத்துக்கு, டெல், ஹெச்பி, லெனோவோ நிறுவனங்களின் அலுவலக வகைக் கணினிகள் பலவற்றில் பயாஸுக்குள்ளேயே டிரைவ் அழிக்கும் வசதி இருக்கிறது. உறைநிலைத் தொல்லையும் அங்கே வராது.

டிரைவ் ‘முடிந்தது’ என்று சொன்னால் நம்பிவிடலாமா? 2011-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் எஸ்எஸ்டிகளை அழித்துவிட்டுச் சிப்புகளை நேரடியாகப் படித்துப் பார்த்தார்கள். ஒரு டிரைவ் வெற்றி என்று அறிவித்துவிட்டு ஒன்றையுமே அழிக்காமல் வைத்திருந்தது. அதற்குப் பிறகு நிலைமை எவ்வளவோ தேறிவிட்டது. ஆனாலும் சரிபார்க்காத அழிப்பை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை.

சரிபார்ப்புக்கு ஒரு வழி சொல்கிறோம். உங்களிடம் ஒரே மாடல் எஸ்எஸ்டி ஐம்பது இருந்தால், அதில் ஒன்றைத் தனியே எடுத்து, எங்கும் இயல்பாக வராத ஓர் எழுத்துக்கோவையை டிரைவ் முழுதும் திரும்பத் திரும்ப எழுதச் சொல்லுங்கள். பிறகு அழிப்புக் கட்டளை. பிறகு மின்சாரத்தை முழுக்கத் துண்டித்து மீண்டும் மாட்டி, முதல் செக்டாரிலிருந்து கடைசி வரை அந்தக் கோவையைத் தேட வேண்டும். ஓர் இடத்தில் கிடைத்தாலும் அந்த மாடலுக்கு அந்த முறை ஆகாது. ஒன்றும் கிடைக்காவிட்டால் மற்ற நாற்பத்தொன்பதுக்கும் அதே முறையைக் கையாண்டு, தொடக்கம், நடு, கடைசி, அத்துடன் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில நூறு இடங்களைப் படித்துப் பார்த்தால் போதும். ஐந்துக்கு ஒன்றில் ஃபோட்டோரெக்கையும் ஓட்டுங்கள். பார்ப்பவர் அழித்தவராக இருக்கக் கூடாது. இந்த ஒரு விதியை விட்டுக்கொடுத்தால் மற்றதெல்லாம் காகிதமாகிவிடும்.

படித்தால் என்ன தெரிய வேண்டும்? பூஜ்ஜியம் மட்டும், அல்லது எல்லா பிட்டும் 1 என்பதைக் குறிக்கும் ‘எஃப்எஃப்’ மட்டும் நிரம்பியிருந்தால் சரி. மறைச்சாவியை மட்டும் அழித்த டிரைவில் பொருளற்ற இரைச்சல் தெரியலாம், அதுவும் சரியே. அந்த இரைச்சலில் ஃபோட்டோரெக் ஒன்றிரண்டு பொய்க் கோப்புகளைக் ‘கண்டுபிடித்து’ பயமுறுத்தும். திறக்க முயன்றால் எதுவும் திறக்காது. ஒரு பெயர், ஒரு மின்னஞ்சல் முகவரி, திறக்கிற ஒரு படம் தெரிந்தால் அந்தத் தொகுப்பு முழுவதையும் நிறுத்திவிடுங்கள்.

மறைச்சாவி அழிப்பு பற்றி ஒரு எச்சரிக்கை. எழுதும் எல்லாவற்றையும் டிரைவே ஒரு சாவியால் மறையாக்கி வைத்து, விற்கும்போது சாவியை மட்டும் அழித்துவிடுவது அந்த முறை. கண நேரத்தில் முடியும். ஆனால் 2018-இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பெயர்பெற்ற சில எஸ்எஸ்டிகளில் இந்த மறையாக்கத்தைக் கடவுச்சொல் இல்லாமலே திறக்க முடிந்ததைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்ட் தன் மறையாக்க மென்பொருளான பிட்லாக்கர், டிரைவின் மறையாக்கத்தை நம்பாமல் மென்பொருள் வழியிலேயே நடக்கும்படி இயல்பமைப்பை மாற்றியது. எனவே சாவி அழிப்போடு தொகுதி அழிப்பையும் சேர்த்தே செய்யச் சொல்லுங்கள்; எஸ்எஸ்டியில் அதற்கும் அதிக நேரம் ஆகாது.

புதிதாக வாங்கும் கணினிகளுக்கு முதல் நாளே பிட்லாக்கரோ லினக்ஸின் லக்ஸோ போட்டுவிட்டால், ஐந்தாண்டு கழித்து வரும் கழிவு வேலை பாதியாகக் குறையும். டிரைவ் இயங்காமல் செத்துப்போனால் அழிப்புக் கட்டளையே கொடுக்க முடியாது. அன்றைக்குக் காப்பாற்றுவது இந்த மறையாக்கம் மட்டும்தான். ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்த டிரைவில் போடும்போது ‘பயன்படுத்திய இடம் மட்டும்’ என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். டெலீட் செய்த பழைய கோப்புகள் கிடக்கும் ‘காலி’ இடம் மறையாக்கம் ஆகாமல் போய்விடும்.

மேக் கணினிகளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆப்பிளின் டி2 பாதுகாப்புச் சிப் உள்ளவற்றிலும் ஆப்பிள் சிலிக்கான் கணினிகளிலும் மேக்ஓஎஸ் மான்டரே பதிப்பு முதல் ‘எல்லா உள்ளடக்கத்தையும் அமைப்புகளையும் அழி’ என்ற வசதி உண்டு. அது சாவிகளை அழித்துவிடும். அதற்கு முன் ‘ஃபைண்ட் மை’ அணைக்கப்பட்டதா என்று பாருங்கள். அணைக்காவிட்டால் வாங்கியவர் கையில் பூட்டிய கணினிதான் இருக்கும், தொலைபேசி உங்களுக்கு வரும். விண்டோஸ் கணினிகளிலும் பயாஸ் கடவுச்சொல், நிறுவன மேலாண்மைப் பதிவு இரண்டையும் நீக்கி, பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் டிபிஎம் சிப்பையும் துடைத்துவிடச் சொல்லுங்கள். ‘டிரைவைத் துடைத்தால் விண்டோஸ் உரிமம் போய்விடும், விலை குறையும்’ என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் கணினிகளில் உரிமச் சாவி மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே இருக்கிறது.

‘இவ்வளவு சிரமம் எதற்கு, துளை போட்டுவிடலாமே’ என்பது அடிக்கடி வரும் யோசனை. இயங்கும் டிரைவை உடைப்பது நல்ல பொருளை வீணாக்குவது. அதுகூடப் பரவாயில்லை, எஸ்எஸ்டியில் அது வேலைக்கே ஆகாமல் போகலாம். 2.5 அங்குல எஸ்எஸ்டியின் உறையைத் திருகாணி எடுத்துத் திறந்து பாருங்கள். பல மாடல்களில் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு உறையின் மூன்றில் ஒரு பங்குதான்; மீதி வெறும் காற்று. நடு மையத்தில் துளை போட்டால் ஒரு சிப்பின் மேலும் படாமல் போகலாம். காந்தத்தால் அழிக்கும் டிகாசர் எந்திரம் ஃபிளாஷ் சிப்பை ஒன்றும் செய்யாது. சிதைப்பதென்று முடிவானால் ஒவ்வொரு சிப்பும் உடைய வேண்டும். மடிக்கணினி ஹார்ட் டிஸ்க்குகள் பலவற்றில் தட்டு கண்ணாடியால் ஆனது. சுத்தியல் எடுப்பவருக்குக் கண்காப்பு கட்டாயம். பேட்டரியைக் கழற்றாமல் மடிக்கணினியோடு சேர்த்துத் துளை போடுவதை யாரும் செய்யவே கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும்.

இனி உங்கள் கோப்புக்கு. ஒவ்வொரு டிரைவுக்கும் ஒரு வரி இருக்க வேண்டும்: கணினியின் சொத்து எண், டிரைவின் தயாரிப்பாளர், மாடல், சீரியல் எண், கொள்ளளவு, வகை, பயன்படுத்திய கருவியும் பதிப்பும், கொடுத்த கட்டளை, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், சரிபார்த்த முறை, முடிவு, அழித்தவர், சரிபார்த்தவர். ‘120 கணினிகள் பாதுகாப்பாக அழிக்கப்பட்டன’ என்று ஒரே வரியில் வரும் வெளியார் சான்றிதழ் எவ்வளவு கனமான தாளில் அச்சிடப்பட்டிருந்தாலும் அதற்கு மதிப்பில்லை. சீரியல் எண் இல்லாத சான்றிதழைத் திருப்பி அனுப்புங்கள். அழிப்பு உங்கள் கட்டடத்துக்குள்ளேயே நடக்கட்டும். வெளியே போய்த்தான் ஆக வேண்டும் என்றால், டிரைவ் பட்டியலில் இருவர் கையெழுத்திட்டு, முத்திரையிட்ட பெட்டியில் போய், அங்கே இறங்கும்போது அதே பட்டியலை வைத்து எண்ணப்பட வேண்டும்.

எண்ணிக்கையில் ஒரு கூடுதல் கவனம். கணினி எண்ணிக்கையும் டிரைவ் எண்ணிக்கையும் ஒன்றாகவே வந்தால் சற்றுச் சந்தேகப்படுங்கள். மேசைக் கணினியிலும் பெரிய மடிக்கணினியிலும் ஹார்ட் டிஸ்க் போக, 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் உள்ள எம்.2 அட்டை ஒன்று ஒற்றைத் திருகாணியில், சில சமயம் வெப்பத் தகட்டுக்கு அடியில், படுத்திருக்கும். விண்டோஸ் இருந்தது அதில்தான் என்றாலும், ஹார்ட் டிஸ்க்கை மட்டும் துடைத்துவிட்டு ‘முடிந்தது’ என்பார்கள். விலை குறைந்த மடிக்கணினிகளில் ஈஎம்எம்சி என்ற ஃபிளாஷ் சேமிப்பு மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். கழற்றி எண்ண முடியாது. சர்வர்களில் ரெய்டு அட்டைக்குப் பின்னால் இருக்கும் ஆறு டிரைவ் ஒன்றாகவே தெரியும். அட்டையைத் தாண்டி ஒவ்வொன்றையும் தனித்தனியே அழிக்க வேண்டும். டிரேயில் மாட்டாமல் உள்ளே இருக்கும் சிறிய பூட் டிரைவையும் தேடச் சொல்லுங்கள்.

அழிக்கும் முன் தேவையான நகல் எடுக்கப்பட்டதா என்ற கேள்விக்குத் துறைத் தலைவரின் எழுத்து மூலமான பதில் இருக்க வேண்டும். தணிக்கைக்கோ வழக்குக்கோ வைத்திருக்க வேண்டிய தரவை நாங்கள் கச்சிதமாக அழித்துவிட்டால், பிறகு உங்களுக்கும் எங்களுக்கும் உதவ யாராலும் முடியாது.

இப்படிக்கு,
டிரைவ்களை அழித்துச் சரிபார்க்கும் தொழில்நுட்பப் பணியாளர்கள்

பி.கு.: கழிவுப் பட்டியலில் நகலெடுக்கும் எந்திரங்களும் பெரிய பிரின்டர்களும் ‘இதரப் பொருள்கள்’ என்று கடைசிப் பக்கத்தில் கிடக்கும். அவற்றில் பலவற்றுக்குள்ளும் ஹார்ட் டிஸ்க்கோ எஸ்எஸ்டியோ உண்டு. நகலெடுத்த பக்கங்களின் படம் அதில் தங்கலாம். குத்தகை முடிந்து திருப்பிக் கொடுத்த நகல் எந்திரங்களின் டிஸ்க்கை அழிக்காததற்காக 2013-இல் அமெரிக்காவின் அஃபினிட்டி ஹெல்த் பிளான் நிறுவனம் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்ட நேர்ந்தது. நிர்வாகி மெனுவில் டிஸ்க் அழிப்பு வசதி இருக்கிறதா என்று எந்திரத்தின் கையேட்டில் பாருங்கள். இல்லையென்றால், எடுத்துச் செல்ல ஆள் வரும் முன்பே டிஸ்க்கைக் கழற்றி மேலே சொன்ன பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். குத்தகை எந்திரமாக இருந்தால், டிஸ்க் யாருக்குச் சொந்தம் என்பதை ஒப்பந்தம் போடும்போதே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். திருப்பித் தரும் நாளில் கேட்டால் கிடைக்காது.